மூன்றடி நிழல்

உச்சி வெயிலில், தலையில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளாமல், சுண்ணாம்புக் கோடு போட்ட காலி மனைக்கு நடுவில் மச்சான் நின்றுகொண்டிருந்த நாள்தான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. அளவு டேப்பின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி என் கையில். வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோட்டைக் காட்டிக்கொண்டே வந்தேன். வாசல் பக்கம் வந்ததும், கூரைத் தளத்தைச் சுவருக்கு வெளியே எவ்வளவு நீட்டப் போகிறாய் என்று கேட்டார். மூன்றடி என்றேன். கையிலிருந்த டேப்பை விட்டுவிட்டார். அது சரசரவென்று சுருண்டு வந்து என் விரலில் அடித்தது. “மூணடியா? அரை அடி போதும் புள்ள. எறவாரமே இல்லாட்டியும் நல்லதுதான்” என்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்படி ஒரு வெயிலில் நின்றபடி நிழல் வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது அவர்கள் ஊர், பெயர் வேண்டாம். தாயில்பட்டி போகிற பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கி நடக்க வேண்டும். எங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் மிளகாய் பறித்தும் பிழைத்த குடும்பங்கள். மழை இல்லாமல் காடுகள் தரிசாகத் தொடங்கியதும் எல்லோரும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போனார்கள். அக்கா எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவள் போனதால் நான் படித்தேன். சிவில் டிப்ளமோ முடித்து, விருதுநகரில் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் வீடுகளுக்குப் பிளான் வரைகிற வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

மச்சான் மருந்து கலக்குகிறவர். பட்டாசுக் கம்பெனியில் அதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. மற்ற அறைகளிலிருந்து விலகி நிற்கும் தனி அறையில், காலைக் குளிர்ச்சி போவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். பதினெட்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் அதைச் செய்தவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும் என்ற பழக்கத்தில், சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தரையில் இழுக்க மாட்டார், தூக்கித்தான் வைப்பார். அக்கா குடத்தைத் தரையில் உரசி நகர்த்தினால் பேசாமல் எழுந்து போய்த் தூக்கி வைத்துவிட்டு வருவார். என்னை ‘இஞ்சினீயரம்மா’ என்பார். கேலிதான். ஆனால் பக்கத்தில் வேற்றாள் யாராவது இருந்தால் அதே சொல்லைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அக்காவின் பெயர் வந்திருந்தது. அதுவரை அவர்கள் இருந்தது மேற்குப் பார்த்த வாடகை வீடு, சிமெண்டு ஷீட் கூரை, வாசலில் நீட்டலே கிடையாது. அக்கா அந்த வாசலில் உட்கார்ந்துதான் காகிதக் குழாய் சுற்றுவாள். வெடி செய்வதற்கான வெறும் குழாய். அதில் மருந்து இல்லை, ஆபத்தும் இல்லை. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பெண்கள் செய்கிற வேலை. காலையில் வீட்டு நிழல் தாராளமாக இருக்கும். பொழுது ஏற ஏற அது சுருங்கும், அவளும் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டே போவாள். பதினோரு மணிக்கு முழங்கால் வெயிலில் கிடக்கும். பன்னிரண்டரைக்கு ஆளே வெயிலில் இருப்பாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு குழாய் சுற்றிக்கொண்டிருப்பாள். உள்ளே உட்காரலாமே என்றால், ஷீட்டுக்கு அடியில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள். என் படிப்புக்காக உழைத்தவள் அவள். அவளுக்கு ஒரு நல்ல நிழலாவது போட்டுக் கொடுக்க முடியாவிட்டால் நான் என்ன படித்து என்ன கிழித்தேன் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் எனக்குத் தெரிந்த வித்தை முழுவதையும் அந்தப் புது வீட்டின் கூரை ஓரத்தில் இறக்கினேன். பெரும்பாலானவர்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஒரு அடி இழுத்துவிட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வெயில் வேறு, மழை வேறு. எங்கள் ஊரில் தெற்குச் சுவருக்கு ஒன்றரை அடி போதும், அந்தப் பக்கத்து வெயில் உயரத்தில்தான் நிற்கும். மேற்கே எத்தனை அடி நீட்டினாலும் பிரயோசனம் இல்லை. சாயங்கால வெயில் அடியில் நுழைந்து சுவரைச் சுட்டுவிடும். அங்கே ஜன்னலைச் சின்னதாக்க வேண்டியதுதான். கிழக்குப் பார்த்த வாசலில்தான் யோசிக்க இடம் இருந்தது. பத்தடி உயரத் தளத்தை மூன்றடி நீட்டினால் பதினொன்றரை வாக்கில் வாசல் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். அதற்குப் பின் வெயில் வீட்டுக்குப் பின்னால் போய்விடும். பொழுது சாயும் வரை நிழல்தான். ஐப்பசி மழைக்குச் சுவரும் நனையாது. ஓரத்தின் அடிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளக்கோடு விட்டால் மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும். இத்தனையும் வரைந்து எடுத்துக்கொண்டு போனபோது எங்கள் இன்ஜினீயர் சார் பார்த்துவிட்டு, “சின்ன வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தாம்மா, ஆனா சரியா இருக்கு” என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சானுக்கு இருந்த கவலைகள் வேறு. முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேராக இருக்க வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றார். பட்டாசுக் கம்பெனி அறைகள் அப்படித்தான் கட்டியிருக்கும். ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக. “இது வீடு மச்சான், வெடிக் கம்பெனி இல்ல” என்று சொல்லிப் பார்த்தேன். “பழகிப்போச்சு புள்ள. உள்ளாற தொறக்குற கதவா இருந்தா எனக்குத் தூக்கம் வராது” என்றார். தலைவாசல் வெளியே திறந்தால் லட்சுமி எப்படி உள்ளே வருவாள் என்று கொத்தனார் முகம் சுளித்தார். “வந்தவ வெளிய போறதுக்கு வழி இருக்கணும்லா” என்று மச்சான் பதில் சொன்னார். கடைசியில் நான் ஒரு பேரம் பேசினேன். கதவு உங்கள் இஷ்டம், எறவாரம் என் இஷ்டம். அக்கா என் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகளும், வாசலில் உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்கும் என்று என் பக்கமே சேர்ந்தாள். மூன்று பெண்கள் ஒரு பக்கம் நின்றால் அவர் எதுவும் பேச மாட்டார்.

தளத்துக்குக் கம்பி கட்டிய அன்று நான் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். நீட்டலுக்கு உண்டான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், அதைக் கீழே போட்டுவிட்டால் தளம் முறிந்து விழும் என்பதால் பக்கத்திலேயே நின்றேன். மச்சான் என்னை மணல் குவியல் பக்கம் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னார்.

“நெழலு இருந்தா வேலை வந்து உக்காந்துரும் புள்ள. கம்பெனில பாத்துட்டுத்தான் சொல்லுதேன். ஒரு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்னு செவத்துலயே எழுதிப் போட்டிருக்கும். சீசன் வந்துட்டா நாலு பேரு எங்கன காணும்? வேப்ப மரத்தடில பத்து பேரு, ரூம்பு எறவாரத்துல எட்டு பேரு. எங்கனெல்லாம் நெழலு விழுதோ அங்கனெல்லாம் ஆளு, பெட்டி. உள்ள இருக்கவன் ஓடி வந்தா வாசல்ல கால் வைக்க எடம் இருக்காது. அப்படி ஒரு நாள் நான் பாத்திருக்கேன். அதைச் சொல்ல வேணாம். எம் மக கையில மருந்து படக்கூடாது. வீடு வீடா இருக்கணும். அம்புட்டுத்தான்.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொத்தனாரைக் கூப்பிட்டு, முட்டுக்கொடுத்து அடித்திருந்த பலகையைப் பிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய்தான் இருந்தது. “யாராவது வந்து கேட்டா வேணாம்னு சொன்னாப் போச்சு மச்சான். உங்களக் கேக்காம உங்க வாசல்ல யாரு வந்து உக்காரப் போறா?” என்றேன். “நீ விருதுநகருல இருக்க” என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஊருக்கு நான் குடிபோய்விட்டேன் என்பதைத்தான் அவர் சொன்னார். அது எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆனது. அன்று மத்தியானமே தளம் போட்டார்கள். மூன்றடிக்கு ஒரு விரற்கடை கூடக் குறையாமல் நின்று பார்த்துக்கொண்டேன்.

வீடு நன்றாகத்தான் அமைந்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் வருடம் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் உள்ளே பார்த்துவிட்டு வாசலில்தான் வந்து உட்கார்ந்தார்கள். பதினொன்றரைக்கு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அக்கா இருந்த இடத்தை விட்டு நகராமல் குழாய் சுற்றினாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே படித்தாள். மச்சான் மட்டும் அங்கே உட்கார மாட்டார். டீயைக்கூட உள்ளே கொண்டுபோய்த்தான் குடிப்பார். ஐப்பசியில் ஒரு நாள் நான் போயிருந்தபோது அடித்துப் பெய்தது. தண்ணீர் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரே கோடாக விழுந்துகொண்டிருந்தது. சுவர் பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. மச்சான் வெளியே வந்து சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். “நல்லாத்தான் போட்டிருக்கே” என்றார். கேலியே இல்லாமல் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில், வேறு எங்கோ ஒரு கம்பெனியில் விபத்து நடந்து, அதிகாரிகள் வரிசையாகச் சோதனைக்கு வந்தார்கள். மச்சான் வேலை பார்த்த இடத்தில் மரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அது நியாயம்தான். ஆனால் கம்பெனிக்குச் சீல் வைக்கலாம், தீபாவளிக்கு வைக்க முடியாது. ஆர்டர்கள் அப்படியே இருந்தன. கம்பெனிகளிலிருந்து வேலையை வாங்கி வெளியே கொடுக்கிற ஒரு ஏஜெண்ட், லோடு ஆட்டோவைத் தெருத் தெருவாக மெல்ல ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை, வாசலில் எவ்வளவு நிழல் இருக்கிறது என்றுதான் பார்த்திருக்கிறார். அக்கா வீட்டு முன்னால் ஆட்டோவை நிறுத்தி, “நல்ல எறவாரமா இருக்கே அண்ணே. இங்கன நாலு பேரு தாராளமா உக்காரலாமே” என்றாராம். அவர் கொண்டுவந்தது குழாய் சுற்றுகிற வேலை இல்லை. மருந்து அடைத்த வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சரமாகப் பின்னுகிற வேலை. அதை வீட்டில் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மச்சான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி வந்தார். மறுபடி அனுப்பினார்.

மூன்றாவது தடவை வந்தபோது மச்சான் வீட்டில் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சாபீசில் பண்டல் தூக்குகிற வேலை கிடைக்குமா என்று கேட்கப் போயிருந்தார். இளவட்டங்களே வாசலில் வரிசை கட்டி நிற்கிற காலத்தில் அந்த வயதுக்காரரை யார் எடுப்பார்கள்? வெறுங்கையோடு திரும்பி வந்து தெருமுனையில் திரும்பினால், அவர் வாசலில் நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அக்கா. மற்ற மூவரும் பக்கத்து வீட்டுக்காரிகள், அவர்கள் வீட்டு ஆண்களும் அதே பூட்டிய கம்பெனிக்காரர்கள். “எந்திரிங்க” என்று மச்சான் சொன்னாராம். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி தலையைத் தூக்காமலே, “எங்க வீட்டுல நெழலு இல்லண்ணே” என்றாளாம். மச்சான் அவர்களைத் தாண்டி உள்ளே போய்விட்டார் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் அவர் செய்ததுதான் அவருடைய குணம். எங்கிருந்தோ ரப்பர் ஷீட் வாங்கி வந்து சிமெண்டுத் தரையில் விரித்தார். மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி வைத்தார். செல்போனை வாங்கி உள்ளே வைத்தார். நைலக்ஸ் சேலை கட்டி வந்தவளைத் திருப்பி அனுப்பி நூல் சேலை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். “நாலு பேருக்கு மேல ஒருத்தி உக்காரக்கூடாது” என்று சொல்லிவிட்டார். பெட்டியை யாரும் இழுக்கக் கூடாது, அவரே வந்து தூக்கி வைப்பார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவைச் சுற்றிப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். வேலையை விரட்ட முடியாதவர், வந்த வேலைக்கு வேலி கட்டிப் பார்த்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது இதையெல்லாம் பார்த்தேன். பகல் இரண்டு மணி. தெரு முழுவதும் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, எங்கள் வாசலில் மட்டும் குளுகுளுவென்று நிழல். மச்சான் என்னைப் பார்த்து, “நெழலு நல்லா விழுது இஞ்சினீயரம்மா” என்றார். அக்கா கொடுத்த டீயை நின்றபடி குடித்தேன். யாரிடமாவது புகார் கொடுக்கலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கொடுத்தால் முதலில் மச்சானைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். தீபாவளி முடிந்தால் இது தானாக நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் அதுதான் பெரியது.

புரட்டாசியில் நடந்தது. அன்று அக்காவுக்குக் காய்ச்சல். மத்தியானம் மற்ற மூன்று பேரும் சாப்பிட அவரவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சரக்கெடுக்க மூன்று மணிக்கு ஆட்டோ வந்துவிடும், அக்காவின் பங்கு பாக்கி இருந்தது. முக்கிக்கொண்டு எழுந்தவளை, “நீ படு, நான் பின்னுதேன்” என்று மச்சான் உள்ளே அனுப்பியிருக்கிறார். கட்டி ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஒரு நாள்கூட உட்காராத அந்த நிழலில் அன்றுதான் அவர் முதன்முதலாக உட்கார்ந்தார். எப்படிப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் மருந்தோடு இருந்தவர் கைத்தவறாக எதையும் செய்திருக்க மாட்டார் என்று நான் சொன்னால், கொழுந்தியாள் அப்படித்தான் சொல்லுவாள் என்பார்கள். முன்வாசல் முழுவதும் நெருப்பு. அக்கா பின்கதவில் போய் விழுந்திருக்கிறாள், அது வெளிப்பக்கம் திறந்துகொண்டது, அவள் கொல்லையில் கிடந்தாள். இதை எழுதும்போது ஜோடித்துச் சொல்கிற கதை மாதிரி எனக்கே படுகிறது. அவர் கேட்ட கதவு அக்காவைக் காப்பாற்றியது, நான் கேட்ட நிழல் அவரைக் கொண்டுபோனது. நடந்தது அதுதான், நான் என்ன செய்ய. மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் போலீசும் வருவாய்த்துறைக்காரர்களும் நின்றார்கள். சுவரில் ஆளுயரத்துக்குக் கரி. முன்கதவு தெருவில் கிடந்தது. ஆனால் மூன்றடி நீட்டல் அப்படியே இருந்தது. அடியில் காரை மட்டும் உதிர்ந்திருந்தது. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். மேல்கம்பி சரியாக இருந்ததால்தான் நின்றிருக்கிறது என்று என் மனசு ஒரு கணம் நினைத்தது. மச்சானைப் பிணவறையில் வைத்திருக்கிற நேரத்தில் எனக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தது. அதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில், வீட்டில் அனுமதியில்லாமல் பட்டாசு தயாரித்தவர் பலி என்று நான்கு வரி போட்டிருந்தார்கள். வழக்கும் அவர் பெயரிலேயே பதிவானது. ஏஜெண்டின் ஆட்டோ அந்தத் தெருப்பக்கம் சில மாதம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன். “அந்த எறவாரத்த வெட்டி எடுத்துருவம்க்கா. ஒரே நாள் வேலை. நானே ஆளு கூட்டிட்டு வாரேன்.” அவள் என்னைப் புரியாத மாதிரிப் பார்த்தாள். “எதுக்கு? வெயிலுக்கு எங்கன உக்கார? மழைக்குச் செவரு நனையும்லா” என்றாள். அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஒரு தடவையாவது, உன்னாலதாண்டி போச்சு என்று என் முகத்தில் அறைந்த மாதிரிச் சொல்லியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன். கம்பெனியைத் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். அக்கா வெள்ளையடித்து, கதவு மாட்டி, முதலில் குழாய் சுற்ற உட்கார்ந்தாள். போன வருடம் ஆடி பிறந்ததும் ஆட்டோ திரும்ப வந்தது. வேறு ஏஜெண்ட். மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். விருதுநகரில் என்னோடு தங்கி ஏதாவது படி என்று எத்தனையோ கூப்பிட்டேன், அம்மாவைத் தனியாக விட்டு வர மாட்டேன் என்கிறாள். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சரம் பின்னுகிறாள். வேகமாகப் பின்னுகிறாளாம், அக்காதான் பெருமையாகச் சொன்னாள். அவர் எதற்காக அந்த வெயிலில் நின்று அரை அடி கேட்டாரோ அது அத்தோடு முடிந்தது.

போன மாதம் ஆபீசுக்கு ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். அக்கா இருக்கிற அதே தெரு. வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருக்கிறது, பிளான் வேண்டும் என்றார்கள். “ஒங்க அக்காதான் அனுப்பிவிட்டாக. எந் தங்கச்சி போட்டா நெழலு நல்லா விழும்னாக” என்றாள் அந்தப் பெண். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவர்களை உட்கார வைத்தேன். இங்கே எழுதியிருக்கிற அத்தனையையும், மணல் குவியல் பக்கம் நின்று மச்சான் சொன்னது உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வெடித்த அன்று சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர்களில் தானும் ஒருத்தி என்றாள், அதுவரை அது எனக்குத் தெரியாது. புருஷன் குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் கேட்டார். நான் நிறுத்தியதும், “மூணடி காணுமாம்மா? நாலடியாப் போட முடியுமா? எங்க வீட்டுல அஞ்சு பேரு உக்காரணும்” என்றார்.

நாலடி என்றால் தளத்தின் கனம் கூட வேண்டும், மேல்கம்பி நெருக்கமாக வேண்டும் என்று சொன்னேன். போடுங்கம்மா என்றார்கள். வரைந்து கொடுத்தேன்.